எல்லாம் உள்ள வரணுமாம்!

வாடா பேராண்டி, குந்து. இன்னா, மூஞ்சில இவ்ளோ வெளிச்சம்? ஓ, லென்ஸ் வாங்கப் போறியா. அதுவும் வைடு ஆங்கிள் ஜூமு. கேமராவோட வந்த 18-55ல எல்லாம் உள்ள வரமாட்டேங்குதா? சரிதான். எல்லாம் உள்ள வரணும்னு ஆசப்பட்டவங்க நம்ம படூர்ல நெறய பேரு. வாய்க்காலும் உள்ள வரட்டும், களத்துமேடும் உள்ள வரட்டும்னு காம்பவுண்டு போட்டாங்க. இப்ப ஐப்பசி மழை பேஞ்சா தண்ணியும் உள்ள வருது.

சிரிக்காத. நான் திருப்போரூர்ல ஸ்டுடியோ வெச்சிருந்தவன், ஒன் தொழில்நுட்பம் எல்லாம் எனக்கும் கொஞ்சம் எட்டும். அப்ப எங்ககிட்ட இருந்த வைடு லென்ஸு 28 எம்எம். அத மாட்டிக்கினு மேடைக்கு முன்னால நின்னா பொண்ணு வூடு, மாப்ள வூடு, ரெண்டு பக்கத்து பங்காளிங்க எல்லாரும் உள்ள வந்துடுவாங்க. ஓரத்துல யார நிக்க வெக்கிறதுங்கிறதுல ஒரு சூட்சுமம் உண்டு. வைடு லென்ஸு ஓரத்துல நிக்கிறவன இழுத்து அகலமாக்கும். அட்வான்ஸ் குடுக்கும்போது பேரம் பேசுனவன் எவனோ அவனுக்குத்தான் ஓரம்.

ஃபிலிம் அளவு 36க்கு 24 எம்எம். ஒன் நிக்கான் டி5600ல இருக்கிற சென்சார் அதவிடச் சின்னது, அகலம் 23.5 எம்எம்தான். கேனன் க்ராப் கேமரான்னா இன்னும் கொஞ்சம் சின்னது, 22.3. லென்ஸு ஊத்துறது அதே அளவுதான், ஏந்துற பாத்திரம் சின்னது, ஓரமெல்லாம் வெளிய சிந்திப் போவுது. அதான் க்ராப். நிக்கான், சோனி, ஃபியூஜின்னா 1.5ஆல பெருக்கு, கேனன்னா 1.6. ஒன்னோட 18, எங்க ஃபிலிம் கணக்குல 27. அதாவது நான் முப்பது வருசம் கல்யாணம் எடுத்த வைடு லென்ஸையே கழுத்துல மாட்டிக்கினு வந்து எங்கிட்ட வைடு இல்லன்னு அழுவுற.

சரி, அழுவற புள்ள, சொல்லித் தரேன். ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னால ஒரு வேல செய். இதுவரைக்கும் எடுத்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல தொறந்து, எது எது எத்தன எம்எம்ல எடுத்ததுன்னு பாரு. எல்லாப் படத்துலயும் அந்தக் கணக்கு ஒளிஞ்சிருக்கும். பாதிக்கு மேல 18லயே முட்டிக்கினு நிக்குதுன்னா ஒனக்கு வைடு வேணும்தான். எல்லாம் 55ல போய் நிக்குதுன்னா ஒனக்கு வேற வியாதி, அதுக்கு வேற வைத்தியம். இன்னொண்ணு, ஒன் போன்ல 0.5னு ஒரு பொத்தான் இருக்குது பாரு. பெரும்பாலான போன்ல அது ஃபிலிம் கணக்குல 13 எம்எம் கிட்ட வரும். நீ வாங்கப் போற லென்ஸவிட அது அகலம்! காசில்லாம கெடைக்கிறதால அதுக்கு மரியாத இல்ல. அதுலயே ஒரு மாசம் எடுத்துப் பாரு. சலிக்காம இருந்தா அப்பால வா.

சலிக்கலன்னே வெச்சுக்குவோம். கடையில மொத ஆளு இன்னா சொல்லுவான் தெரியுமா? "தம்பி, 16-35 எடுத்துக்குங்க, இல்ல 17-40. நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்குனாலும் ஆவும்." கேனன்ல சிவப்பு வளையம் போட்ட லென்ஸ எடுத்து கையில வெப்பான். ஒனக்கு அந்த வளையத்தப் பாத்ததும் நிச்சயதார்த்தமே முடிஞ்ச மாதிரி இருக்கும். கணக்குப் போடு. 16-35அ ஒன் கேமராவுல மாட்டுனா 24லேர்ந்து 52 வரைக்கும். இருக்குற 18-55அ எடுத்து வெச்சுட்டு, அதோட எடத்துல அதே மாதிரி ஒண்ண கனமா மாட்டிக்கினதுதான் மிச்சம். ஃபிலிம் அளவு சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேம் வாங்குறப்ப வாங்கிக்கலாம். பொண்ணு பாக்குறதுக்கு முன்னால புள்ளைக்கு அரைஞாண் செய்யச் சொல்றான் கடைக்காரன்.

க்ராப் கேமராவுக்குன்னே செஞ்ச லென்ஸு வேணும். 10ல ஆரம்பிக்கிறதா பாரு. 11 பரவாயில்ல. 12ன்னா யோசி. இந்த எடத்துலதான் ஒங்க பசங்க எல்லாம் ஏமாறுறாங்க. 10-18, 10-20, 10-24, 12-28ன்னு பாத்துட்டு, பின்னால இருக்கிற நம்பர் பெருசா இருக்கிறது ஒசத்தின்னு நெனைக்கிறாங்க. பின்னால இருக்கிற நம்பர் எவனுக்கு வேணும்? 18லேர்ந்துதான் ஒங்கிட்ட ஏற்கெனவே இருக்குதே! முன்னால இருக்கிற நம்பர்தான் துட்டு. ஒரு செவுத்துக்கு 10 மீட்டர் தள்ளி நிக்கிறன்னு வெச்சுக்க. 12 எம்எம்ல அந்தச் செவுத்துல 19 மீட்டருக்கு மேல அகலம் உள்ள வரும். 10ல 23 மீட்டருக்கு மேல. ரெண்டு எம்எம் கொறச்சா கிட்டத்தட்ட நாலு மீட்டர் லாபம். 18லேர்ந்து 20க்குப் போ, அதே ரெண்டு எம்எம்தான், வித்தியாசம் ஒண்ணேகால் மீட்டர் சொச்சம். கீழ்ப்பக்கத்து ஒரு எம்எம்முக்கு இருக்கிற மவுசு மேல்பக்கத்து எம்எம்முக்குக் கெடயாது.

இத மாமல்லபுரத்துக்கு எடுத்துக்கினு போ. அர்ச்சுனன் தபசு. அது அர்ச்சுனனா பகீரதனான்னு படிச்சவங்க இன்னும் அடிச்சிக்கினு இருக்காங்க, நமக்கு அந்த வம்பு வேணாம். பாறை அகலம் ஏறக்குறைய 30 மீட்டர். ஒன் 18ல அது முழுசும் வரணும்னா 23 மீட்டர் பின்னால போவணும். அவ்ளோ தூரம் போனா ஒனக்கும் பாறைக்கும் நடுவுல ரோடு, ரோட்டுல டூரிஸ்டு பஸ்ஸு, ஆட்டோ, தொப்பி விக்கிறவன். பல்லவன் செதுக்குன யானையவிட வேன் நல்லா தெளிவா விழும். 10 எம்எம்ல 13 மீட்டர் போதும். இந்த ஒரு பாறைக்காவவே லென்ஸு வாங்கலாம்னு தோணுதா? அவசரப்படாத. பாறை எங்கயும் ஓடல. ஒன் 18-55லயே கேமராவ நெட்டுக்குத்தா புடிச்சு, எடம் மாறாம வரிசையா நாலு படம் எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிக்க. 7ஆம் நூத்தாண்டுலேர்ந்து அசையாம நிக்குது, ஒனக்காவ இன்னும் அஞ்சு நிமிசம் நிக்காதா?

அப்புறம், முழுசும் உள்ள வந்த படத்தக் கொண்டாந்து எங்கிட்ட காட்டுவ. நான் ஒண்ணுதான் கேப்பேன். பூனை எங்கடா? பெரிய யானை கிட்டக்க, ரெண்டு முன்னங்காலையும் தல மேல தூக்கிக்கினு தவம் பண்ணுது ஒரு திருட்டுப் பூனை. சுத்தி எலிங்க நம்பிக்கினு நிக்குது. அந்தச் சிற்பி மனசுல இருந்த நையாண்டி முழுசும் அதுலதான். வைடுல எல்லாம் உள்ள வந்துச்சு, பூனை மட்டும் ஊசிமொனையா போச்சு. அதுக்கு நீ வேலிகிட்ட போய் 55தான் திருப்பணும்.

இப்ப அதே ஊர்ல இருக்கிற வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு வா. 1908ல கவர்னர் லாலி ஏழு யானைய விட்டு அத உருட்டப் பாத்தாருன்னு ஒரு கத உண்டு. 250 டன்னுன்னு சொல்றாங்க. அசையல. ஏழு யானையால ஆவாதத நீ ஒரு லென்ஸால செஞ்சுடுவ. 15 மீட்டர் தள்ளி நின்னு 10 எம்எம்ல எடு. ஆறு மீட்டர் ஒசரப் பாறை, படத்தோட ஒசரத்துல கால் பங்குக்குச் சுருங்கிடும். கோலிகுண்டு. சுத்தி ஏக்கர் கணக்குல காலி எடம், மேல காலி வானம். 2019 அக்டோபர்ல மோடியும் சீன அதிபரும் அதுக்கு முன்னால கை தூக்கிக்கினு நின்ன படம் பாத்தியே, அதுல பாறை பாறையா இருந்துச்சுல்ல? பாறையப் பெருசா காட்டணும்னா தள்ளிப் போய் நீள லென்ஸு மாட்டணும். வைடு மாட்டிக்கினு தள்ளி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தேறாது.

இதத்தான் கடையில எவனும் சொல்லமாட்டான், நான் சொல்றேன். வைடு லென்ஸு எல்லாத்தையும் உள்ள இழுக்குறதுக்கு இல்ல பேராண்டி. கிட்டக்கப் போறதுக்கு. நீ கூச்சப்பட்டு நிக்கிற எடத்துலேர்ந்து மூணடி முன்னால போ. அங்கேர்ந்து இன்னும் ரெண்டடி. கிட்ட இருக்கிறது பூதாகாரமாவும், பின்னால இருக்கிறது ஓடிப் போவும். அந்த இழுப்புலதான் படம். கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் போ, தெரியும். ரோட்டோரத்துல நின்னு 10 எம்எம்ல ஒண்ணு எடு: பாதி வானம், பாதி வெள்ளத் தரை, நடுவுல ஒரு கோடு. கீழ எறங்கு, பாத்திக்கு ஓரமா மண்டி போடு, வாரி வெச்ச உப்புக் குவியலுக்கு ஓரடி கிட்டக்க கேமராவக் கொண்டு போ. உப்பு மலையாயிடும். பாத்தி வரப்பெல்லாம் அதுக்குப் பின்னால ஓடிப் போய் ஒரு புள்ளியில முட்டிக்கும். முட்டி நனையும், அம்மா திட்டும், படம் வரும். அங்க கழிமுகத்துல நிக்கிற பூநாரைய மட்டும் இதுல எடுக்கப் பாக்காத. கொசுன்னு நெனச்சு தொடச்சிடுவாங்க.

முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்குது பாரு, 1996ல தொறந்தது. செட்டிநாட்டு வூட்டக் கல்லு கல்லா, தூண் தூணா பேத்தெடுத்துக்கினு வந்து மறுபடி கட்டி வெச்சிருக்காங்க. அந்த முத்தத்துல நீ எவ்ளோ பின்னால போவ? செவுரு முதுகுல இடிக்கும். அங்கதான் 10 எம்எம்முக்கு ஞாயம். ஆனா கேமராவ மட்டமா புடி. அண்ணாந்து புடிச்சன்னா தூணெல்லாம் உச்சியில ஒண்ணோட ஒண்ணு சாஞ்சிக்கும். கடற்கரைக் கோயில இப்படித்தான் ஊர்ப் பசங்க எடுத்து வெக்கிறாங்க. ராஜசிம்மன் நேரா கட்டுன விமானம் இவன் படத்துல கள்ளு குடிச்ச மாதிரி பின்னால சாயுது.

எல்லாரவிடவும் இந்த லென்ஸ நல்லா புரிஞ்சிக்கினவன் நம்ம ஓஎம்ஆர்ல யாரு தெரியுமா? ஃப்ளாட் விக்கிறவன். ரூமு மூலையில முதுக ஒட்டிக்கினு, மார்பு ஒசரத்துல கேமராவ மட்டமா புடிச்சு, 10 எம்எம்ல ஒண்ணு அழுத்துவான். பத்துக்குப் பத்து பெட்ரூமு கல்யாண மண்டபமாயிடும். பால்கனி கிரிக்கெட் கிரவுண்டு. ஒங்க சித்தப்பன் அந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தான். குடி போன அன்னைக்குக் கட்டில உள்ள விட்டப்புறம் கதவு சாத்த முடியல. நான் அப்பவே படத்தப் பாத்துச் சொன்னேன், எவன் கேட்டான்? படத்தோட மூலையில பாரு. செவுத்துக் கடியாரம் முட்டை மாதிரி நீண்டிருக்கா? ஓரத்துல ஃப்ரிட்ஜு ரெண்டு பீரோ அகலத்துக்கு நிக்குதா? அப்ப அந்த ரூம மனசுல பாதியாக்கிக்க.

எஃப் 2.8ங்கிற பெரிய ஓட்டைக்கு வரேன், வரேன். ஒன் கண்ணு அங்கதான் இருக்குதுன்னு தெரியும். டோகினா 11-16, எஃப் 2.8, அரைக் கிலோவுக்கு மேல கனம். கையில வாங்குனா கருங்கல்லு மாதிரி நம்பிக்கையா இருக்கும். பின்னால மங்கலா, முன்னால மொகம் பளிச்சுன்னு வரும்னு தானே கேக்குற? 10 எம்எம்ல எஃப் 8 வெச்சு, ரெண்டேகால் அடியில ஃபோகஸ் பண்ணி உட்டுடு. ஓரடிக்குக் கொஞ்சம் அப்பாலேர்ந்து வங்காள விரிகுடா முடியிற எடம் வரைக்கும் எல்லாம் கூர்மை. வைடு லென்ஸோட சுபாவமே அதுதான். இதுங்கிட்ட போய் மங்கலாக் குடுன்னு கேட்டா எங்க போவும்? எல்லாம் கூர்மையா வரணும்னு எஃப் 22க்கும் ஓடாத. அவ்ளோ சின்ன ஓட்ட வழியா வர்ற வெளிச்சம் செதறி, மொத்தப் படத்தையும் கொழப்பிடும்.

எஃப் 2.8 யாருக்கு வேணும்னா, ராத்திரி நட்சத்திரம் எடுக்கிறவனுக்கு. சிறுசேரிலேர்ந்து கேளம்பாக்கம் வரைக்கும் ஐடி கம்பெனி வெளக்கு எரியிற ஊர்ல நட்சத்திரத்துக்கு எங்க போவ? அப்புறம், இருட்டு மண்டபத்துல தாலி கட்டுற கைய எடுக்கிறவனுக்கு வேணும். ஆடற கையி, ஓடற புள்ள இதுக்கெல்லாம் வெளிச்சம்தான் வேணும், நடுக்கத்த அடக்குற வித்த ஒதவாது. ஒனக்கு அந்த வித்ததான் ஒதவும். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள்ள நொழஞ்சா ஒரு பக்கம் சிங்கத்து மேல துர்கை, எதிர்ல பாம்பு மேல பெருமாள், நடுவுல இருட்டு. தொல்லியல் துறை எடத்துல ஸ்டாண்டு வெக்கணும்னா தனியா அனுமதி வாங்கணும், வாட்ச்மேன் விசிலோட ஓடியாருவான். நடுக்கம் அடக்குற லென்ஸா இருந்தா, மூச்சப் புடிச்சிக்கினு செகண்டுல எட்டுல ஒரு பங்கு வரைக்கும் கையிலேயே எடுக்கலாம். துர்கை ஆயிரத்து முந்நூறு வருசமா போஸ் குடுத்துக்கினு இருக்கா, ஆடமாட்டா. ஆடறது நீதான்.

அதனால ஒன் கேமராவுக்கு நிக்கானோட 10-20 ஏஎஃப்-பி, 2017ல வந்தது, போதும். நடுக்கம் அடக்கும். ஒடம்பெல்லாம் பிளாஸ்டிக்குதான், ஒன் ஸ்கூட்டரும் பிளாஸ்டிக்குதான், ஓடல? ஒன் கூட்டாளி டி3200 வெச்சிருக்கானே, அவனுக்கு இதச் சொல்லிடாத. டி3100, டி3200, டி5100, டி90, டி7000 இதுலயெல்லாம் இந்த லென்ஸு ஃபோகஸே ஆவாது, கையால திருப்புனாக்கூட ஆவாது. அவனுக்குப் பழைய ஏஎஃப்-எஸ் 10-24, இல்ல சிக்மா 10-20. அதே மாதிரி பழைய டோகினா 11-16ல மொத ரகம் நிக்கானுக்கு மோட்டார் இல்லாம வந்துச்சு. ஒன் கேமராவுக்குள்ளயும் மோட்டார் கெடயாது. ரெண்டு பேருகிட்டயும் மோட்டார் இல்லன்னா கெணத்துல தண்ணி எப்படி ஏறும்? கையாலதான் எறைக்கணும். கேனன்காரன்னா 2014ல வந்த 10-18, கண்ண மூடிக்கினு எடுக்கலாம். மிர்ரர்லெஸ்காரங்களுக்கு இப்ப 2023லேர்ந்து இன்னும் சின்னச் சின்னதா வந்துடுச்சு, கேனன் ஆர்எஃப்-எஸ் 10-18 வெறும் 150 கிராமுதான். சிக்மா 10-18ல அந்த எஃப் 2.8ம் சேந்தே வருது. அவங்கள நெனச்சுப் பொறாமப்படாத, தூக்கம் கெடும்.

செகண்ட் ஹேண்டுல வாங்குறதா இருந்தா என்னையும் இட்டுக்கினு போ. போன் டார்ச்ச லென்ஸோட பின்பக்கத்துலேர்ந்து அடிச்சு, முன்பக்கத்துலேர்ந்து சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கணும். தூசி நாலு இருந்தா பரவாயில்ல. கண்ணாடிக்குள்ள ஓரத்துலேர்ந்து எட்டுக்கால் பூச்சி நூலு மாதிரி மெல்லிசா கெள கெளயா கெளம்புதுன்னா அது பூஞ்சக்காளான், கும்புடு போட்டுட்டு வந்துடு. கடலோர வூட்டுல பீரோவுக்குள்ள தோல் பையோட தூங்குன லென்ஸுக்கெல்லாம் அது வரும். அப்பால செங்கல் செவுத்துக்கு நேரா நின்னு ஒரு படம் எடுத்து நாலு மூலையையும் பெருசாக்கிப் பாரு. நாலும் ஒரே அளவுல கொஞ்சம் மங்குனா அது லென்ஸோட பொறவி. மூணு மூலை நல்லா இருந்து ஒண்ணு மட்டும் கொழஞ்சிருந்தா அது எங்கயோ கீழ வுழுந்து எழுந்தது. விக்கிறவன் "அது கூட ஒரு அழகுதாங்க"ன்னு சொல்லுவான். அழகுக்கு வெலையக் கொறைக்கச் சொல்லு.

கோவளம் கடக்கரைக்குப் போய்ட்டு வந்தா கண்ணாடிய ஒடனே வேட்டி முனையால தேய்க்காத. உப்புத் தூளு உக்காந்திருக்கும், தேய்ச்சா கீறும். மொதல்ல பம்பால ஊதணும், அப்புறம்தான் தொடைக்கணும். வூட்டுல காத்து போவாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட போட்டு வை. பொலரைசர் போடலாமான்னு கேப்ப, வானத்துல ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிறிப்போய் திட்டு வுழும். வேணாம்.

இன்னும் எதுக்குத் தல சொறியிற? ஓ, துட்டா. ஒங்கப்பன்கிட்ட கேக்குறப்ப எத்தன எம்எம், எஃப் எவ்ளோன்னு ஆரம்பிக்காத, அவனுக்குத் தலைவலி வந்துடும். வெலையையும் மொதல்ல சொல்லாத. 230 கிராம்னு மட்டும் சொல்லு. எடையில சொன்னா, புள்ள என்னவோ தங்கம் சேக்குறான்னு நெனச்சுக்குவான்.